ஏழரை ஓம்

உற்றுப் பார்க்காதீர்கள் சார். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம், பச்சைத் துப்பட்டா. அந்தப் பெண்தான். பெயர் மாரீஸ்வரி. மேட்டுப்பட்டி விலக்கில் இறங்குவாள். அதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.

ஏறும்போது என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிரிக்கவும் இல்லை. இரண்டு வருஷம் என் கையிலிருந்து மீட்டர் வாங்கிய பெண். “அண்ணே, நல்ல முள்ளு உள்ள மீட்டராக் குடுங்கண்ணே” என்று வந்து நிற்பாள். இப்போது ஏதோ டிக்கெட் கொடுக்கிறவனைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் போய் உட்காருகிறாள். என் மேல் அவளுக்கு என்ன மனத்தாங்கல் என்று எனக்குப் புரியவில்லை. சொல்லப்போனால் வருத்தப்பட வேண்டியவன் நான். அந்த இரண்டு மாதம் நான் பட்ட பாடு. பிரஷர் மாத்திரை அப்போது ஆரம்பித்ததுதான், இன்னும் நிற்கவில்லை.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரிக்கல் லேப் அட்டெண்டர். தவசிலிங்கம் என்று பெயர். பதின்மூன்று வருஷம் தற்காலிகம். போன ஆகஸ்டில்தான் நிரந்தர ஆர்டர் வந்தது. சும்மா வரவில்லை. ஒரு புகார் இருக்கக் கூடாது, ஒரு பொருள் குறையக் கூடாது. என் பொறுப்பில் ஒரு பொருள் குறைந்ததில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

உங்களுக்கு எலக்ட்ரிக்கல் தெரியுமா? தெரியாதா. சுலபம்தான். ஒரு கம்பிச் சுருள். காயில் என்போம். அதில் கரண்ட் விடுகிறோம். எத்தனை வோல்ட் கொடுத்தோம் என்று ஒரு மீட்டர் காட்டும். எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று இன்னொரு மீட்டர் காட்டும், அது அம்மீட்டர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கம்பியின் தடை, அது ஓம் கணக்கு. இரண்டையும் பெருக்கினால் வாட், அந்தக் கம்பி எவ்வளவு சூடு தள்ளும் என்கிற கணக்கு. அவ்வளவுதான். எங்கள் லேபில் ஆறாவது மேசையில் இந்தச் சோதனை. ஆறு வோல்ட் கொடுத்தால் பூஜ்யம் புள்ளி ஆறு ஆம்பியர் ஓடும். வகுத்தால் பத்து ஓம். பெருக்கினால் மூன்று புள்ளி ஆறு வாட். பரம்பரையாக அதுதான் விடை. காயில் இருக்கிற பெட்டியின் மேல் சிவப்புப் பெயின்டில் பத்து என்று எழுதியது நான். பரீட்சையன்று அதன் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைக்கிறவனும் நான்.

சிரிக்கிறீர்கள். எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு மறைக்க வேண்டும் என்று. விதி சார். விதியில் இருக்கிறது.

அவள் சேர்ந்த வருஷம், ஆயுத பூஜைக்கு முதல் நாள். மற்றவர்கள் போய்விட்டார்கள், நான் மட்டும் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாங்கி வைத்த டீ ஆறிப்போயிருந்தது. கண்ணாடி டம்ளர். ஆறாவது மேசைக் காயிலைப் பெட்டியிலிருந்து எடுத்து, டம்ளருக்குக் கீழே வைத்து, இரண்டு முனையையும் நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். சின்னக் கம்பிதானே, இளஞ்சூடு வரும் என்று நினைத்தேன். டப்பென்று ஒரு சத்தம். டம்ளர் விரிசல் விட்டது. லேப் முழுக்க ஃப்யூஸ் போயிற்று. கம்பி நடுவில் கருகி அறுந்து கிடந்தது.

பிறகு ஒருநாள் பேச்சுவாக்கில் இவளிடம்தான் கேட்டேன். “ஏம்மா, ஆறாவது மேசைக் காயிலை ஒருத்தன் வீட்டு பிளக்கில செருகினா என்னாகும்?” விரலை மடக்கிக்கூடப் பார்க்கவில்லை. “இருநூத்தி முப்பதை இருநூத்தி முப்பதால பெருக்கி, பத்தால வகுக்கணும்ணே. ஐயாயிரத்து இருநூத்தித் தொண்ணூறு வாட். செருகினவன் லூசா இருக்கணும்.” நானும் சேர்ந்து சிரித்தேன். அப்படிப் பழகிய பெண் சார்.

கருகிய பகுதியை வெட்டிப் போட்டேன். இரண்டு மீட்டர் நீளத்தில் அரை மீட்டர் போயிற்று. மிச்சத்தின் முனைகளை முறுக்கி, திரும்பச் சுற்றி, பெட்டியில் வைத்து மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உடைந்த பொருள் பதிவேட்டில் எழுதவில்லை. எதற்கு எழுத வேண்டும்? உடையவில்லையே. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கம்பி குறைந்தால் சூடும் குறையும், இனிமேல் பசங்கள் கைக்கு இன்னும் நல்லது என்றுதான் நினைத்தேன். நீங்களே சொல்லுங்கள், அப்படித்தானே தோன்றும்? பெரிய அடுப்பு என்றால் பெரிய சூடு, சின்ன அடுப்பு என்றால் சின்னச் சூடு. கரண்ட்டில் அது தலைகீழ் என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பி குறைந்தால் தடை குறையும். தடை குறைந்தால் கரண்ட் கூட ஓடும். கூட ஓடினால் சூடும் கூடும். பதின்மூன்று வருஷம் லேபில் இருந்தும் ஒருத்தரும் எனக்கு அதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு வருஷம். பரீட்சையில் பதினோரு பேருக்கு ஆறாவது மேசை வந்தது. எண்ணி வைத்திருக்கிறேன். பதினோரு பேரும் பத்து ஓம் என்றே எழுதினார்கள். மூன்று புள்ளி ஆறு வாட். முழு மார்க். மீட்டர் என்ன காட்டுகிறது என்று யார் பார்த்தார்கள்? விடை முன்பே தெரியும். அதிலிருந்து பின்னால் வந்து ஆம்பியரை எழுதிவிடுவார்கள். எங்கள் லேபில் அதற்கு ரீடிங் சமைப்பது என்று பெயர். இன்ஸ்ட்ரக்டர் அருள்ராஜ் சாரே சொல்வார், “சமைக்கிறதுதான் சமைக்கிறீங்க, உப்புக் காரம் பார்த்துச் சமைங்கடா. ஒரு ரீடிங்காவது கொஞ்சம் பிசகா இருக்கட்டும், அப்பத்தான் நம்புவான்” என்று. நல்ல மனுஷர். பசங்கள் பாஸாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு கிடையாது.

ஜூலையில் இவள் பரீட்சை. ஓசூரிலிருந்து ஒரு மீட்டர் கம்பெனிக்காரர்கள் வந்து, எழுபது பேரில் நாலு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெண்களில் இவள் ஒருத்திதான். மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கிற வேலை. ஆகஸ்ட் கடைசிக்குள் பாஸ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் அடுத்தவருக்கு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கூலி வேலைக்குப் போகிறவள். ஹாஸ்டலுக்குப் பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டார்களாம்.

எந்த மேசை என்று சீட்டு எடுத்தாள். ஆறு.

எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. பன்னிரண்டாவது பத்து, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மீட்டர்களைக் கொண்டுபோய் வைத்தேன். இணைப்புக் கொடுத்தாள், சுவிட்சைப் போட்டாள், குனிந்து முள்ளைப் பார்த்தாள். எழுதவில்லை. அணைத்தாள். எல்லா இணைப்பையும் பிரித்துத் திரும்பப் போட்டாள். திரும்பக் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் சார் எனக்கு வெட்டிப் போட்ட அந்த அரை மீட்டர் ஞாபகம் வந்தது.

கையைத் தூக்கினாள். போனேன். “அண்ணே, வேற அம்மீட்டர் குடுங்க.” கொடுத்தேன். மூன்று வோல்ட்டுக்குப் புள்ளி நாலு. நாலரைக்குப் புள்ளி ஆறு. ஆறுக்குப் புள்ளி எட்டு. எந்த மீட்டரில் பார்த்தாலும் அதேதான். வகுத்தால் ஏழரை ஓம். ஓரத்தில் பென்சிலால் வகுத்து வைத்திருந்தாள். நான் தலைகீழாகவே படித்துவிட்டேன்.

விரலைப் பெட்டியின் பக்கத்தில் கொண்டுபோனாள். “மூணு புள்ளி ஆறு வாட்டுக்கு இவ்வளவு சூடு வராதுண்ணே. இது கிட்டத்தட்ட அஞ்சு வாட் தள்ளுது.” பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். “அண்ணே, இது பழைய காயில்தானா?”

“அதே காயில்தாம்மா” என்றேன்.

பொய்யில்லையே சார். அதே காயில்தான். வேறு காயில் என்று சொன்னால்தான் பொய்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மற்ற மேசைகளில் எல்லோரும் எழுதி முடித்துக் காகிதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மார்க் போட வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வெளியூர்க்காரர். பன்னிரண்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்ற அருள்ராஜ் சார் இவளைப் பார்த்துவிட்டார். சோம்பல் முறிக்கிற மாதிரி கையைத் தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். ஒருதரம் அல்ல, மூன்றுதரம். அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு மீட்டரைப் பார்த்தாள். பேனாவை எடுத்து ஏழரை என்று எழுதினாள். நாலு புள்ளி எட்டு வாட் என்று எழுதினாள்.

பத்து என்று எழுத ஒரு நிமிஷம் ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாமே போயிற்று. நான் அவளைக் குறை சொல்லவில்லை. பிடிவாதம் என்று மட்டும் சொல்கிறேன்.

எக்ஸ்டர்னல் காகிதத்தைப் பார்த்தார், அருள்ராஜ் சார் கொடுத்த விடைக்குறிப்பைப் பார்த்தார். “என்னம்மா இது, ஏழரை? பரீட்சைக்கு வரும்போதே ஏழரையைக் கூட்டிக்கிட்டு வந்திருக்க. சனீஸ்வரனுக்கு எள்ளு விளக்குப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல?” லேபே சிரித்தது. நானும் சிரித்தேன். எக்ஸ்டர்னல் சிரித்தால் சிரிக்க வேண்டும்.

அவள் சிரிக்கவில்லை. “மீட்டர் அப்படித்தான் சார் காட்டுது. நீங்களே ஒருதடவை பாருங்க.”

“உனக்கு நான் சோதனை பண்ணிக் காட்டணுமா?” அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தார், மார்க்கைப் போட்டார், கையெழுத்துப் போட்டார். பாஸுக்கு மூன்று மார்க் குறைவு.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் டீத் தட்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். என்னை யார் கேட்டார்கள்? எக்ஸ்டர்னல் கேட்டாரா, அருள்ராஜ் சார் கேட்டாரா? அட்டெண்டர் பரீட்சை நேரத்தில் தானாக வாயைத் திறக்கக் கூடாது. அவள் கேட்டாள், சரி. அவள் கேட்டது வேறு. மாணவி கேட்பதெல்லாம் கேள்வியில் சேராது. என் நிரந்தர ஃபைல் அந்த வாரம்தான் பிரின்சிபால் மேசைக்கு வந்திருந்தது. அந்த வாரம்தான் சார்.

அதோடு விட்டாளா? இல்லை. மண்டல அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். ‘ஆறாவது மேசைக் கருவியைச் சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன்’ என்று ஒரே வரி. அழகான கையெழுத்து. ஒரு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். “தவசி, வெள்ளிக்கிழமை பார்க்க வர்றாங்க. கருவியெல்லாம் சுத்தமா, சரியா இருக்கணும்.”

சரியாக இருக்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார். நான் வியாழக்கிழமை லீவு போட்டு மதுரைக்குப் போனேன். அதே கனத்தில் நிக்ரோம் கம்பி வாங்கி வந்தேன். அரை மீட்டர் போதும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மீட்டர். முறுக்கைப் பிரித்துப் புதுக் கம்பியைச் சேர்த்து, அளந்து சுற்றினேன். மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஆறு வோல்ட், புள்ளி ஆறு. பத்து ஓம், ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லை. இரண்டு வருஷமாக இருந்த குறையை ஒரே நாளில் சரிசெய்துவிட்டேன். இனி வருகிற பசங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி, பிரின்சிபால், அருள்ராஜ் சார் மூன்று பேரும் ஆறாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதிகாரி அந்தப் பெட்டியைத் தட்டி என்னைப் பார்த்தார். “அன்னைக்கு இருந்த அதே பெட்டிதானே?”

“அதே பெட்டிதான் சார்.”

அவளையே செய்யச் சொன்னார்கள். இணைப்புக் கொடுத்தாள். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. இவள் சுவிட்சைப் போட்டாள். குனிந்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள் சார். “என்னம்மா காட்டுது?” என்று அதிகாரி கேட்டார். அப்போதும் ஏழரை என்று சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முள் என்ன காட்டியதோ அதைச் சொன்னாள்.

“பத்து சார்.”

“அப்ப அன்னைக்கு?”

“தெரியலை சார்.”

அருள்ராஜ் சார் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். கவனக்குறைவால் தவறாகக் கண்டேன் என்று. ஓசூர் இடம் ஆகஸ்டோடு போயிற்று. எனக்கு ஆர்டர் அதே மாதம் வந்தது. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை, மாதம் ஒன்றாக அமைந்துவிட்டது.

இன்னொன்று கேள்விப்பட்டேன். அம்மா இவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ‘எண்ணு மாறி மாறித் தெரியுது போல’ என்று. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றாராம். அதைத்தான் நானும் சொல்வேன். நல்ல கண் சார் அவளுக்கு. தலைமுடி அளவு முள் நகர்ந்தாலும் சொல்லிவிடுவாள்.

இன்றைக்குக் காலையில் துணைத்தேர்வு. மூன்று பேர்தான். சீட்டு எடுத்தார்கள். நம்பமாட்டீர்கள், இவளுக்குத் திரும்பவும் ஆறு. நான் மீட்டரைக் கொண்டுபோய் வைத்தேன், இருப்பதிலேயே நல்ல முள் உள்ளது. இணைப்பு அழகாகக் கொடுத்தாள். எழுத ஆரம்பித்தாள். கட்டம் போட்டு, மூன்று வோல்ட் புள்ளி மூன்று, நாலரைக்குப் புள்ளி நாலு ஐந்து, கடகடவென்று எழுதினாள். ஒரு ரீடிங்கை மட்டும் கொஞ்சம் பிசகாக வைத்தாள். பத்து ஓம். மூன்று புள்ளி ஆறு வாட். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. புது எக்ஸ்டர்னல் வாங்கிப் பார்த்து, “வெரி குட், ரொம்பச் சுத்தமாப் பண்ணியிருக்க” என்றார்.

நான் மேசையைத் துடைக்கப் போனபோதுதான் பார்த்தேன். சுவிட்சை அவள் போடவே இல்லை. மீட்டர் முள் இரண்டும் பூஜ்யத்தில் கிடந்தன. கடைசி வரை அந்தப் பக்கம் அவள் குனியவே இல்லை சார்.

பிழைத்துக்கொள்வாள். பாஸாகிவிட்டாள் அல்லவா, எனக்கு அது சந்தோஷம்தான். ஒரு பாரம் இறங்கிய மாதிரி. அதனால்தான் சொல்கிறேன், பஸ்ஸில் பார்த்தபோது ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம். நான் அவளுக்கு என்ன கெடுதல் செய்தேன்?

இருங்கள். எழுந்துவிட்டாள். முன் வாசலில் கூட்டம், பின்பக்கமாக இறங்க வருகிறாள். நாம் பேசியதைக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

“என்னம்மா மாரீஸ்வரி. நல்லாப் பண்ணிட்ட போல.”

“பாஸான்னா கேக்கிற? பாஸ்தாம்மா. எக்ஸ்டர்னல் முகத்தைப் பார்த்தாலே தெரியுதே.”

“என்ன கேட்ட? எஞ்சின் சத்தத்துல காதுல விழலை.”

“அன்னைக்கா? ஜூலையிலயா? எங்க தப்பு நடந்துச்சுன்னு கேக்கிறியா, அது வந்தும்மா… அதை ஏன் இன்னும் மனசுல போட்டுக்கிட்டு. லெட்டரெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி. சேச்சே, உன் கண்ணுல ஒரு கோளாறும் இல்லை. யார் சொன்னா? அம்மீட்டர் பழசும்மா. நான் குடுத்தது ரெண்டுமே பழசு. முள்ளு சில நேரம் ஒட்டிக்கும். அதுவாத்தான் இருக்கும்.”

“ரெண்டுமேவான்னு கேக்கிறியா? ஆமா, ரெண்டும் ஒரே மாதிரிதான் ஒட்டிக்கும். ஒரே கம்பெனி.”

“சரிம்மா, பார்த்து இறங்கு. அம்மாவைக் கேட்டேன்னு சொல்லு.”

பார்த்தீர்களா? அவளாகவே கேட்டாள், நானும் பதில் சொல்லிவிட்டேன். இனி அவள் மனசிலும் ஒன்றும் இருக்காது. அம்மீட்டர் பழசுதான் சார், அதில் பொய் இல்லை. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சார், எதற்குப் பையை எடுக்கிறீர்கள்? இது மேட்டுப்பட்டி விலக்கு. நீங்கள் சாத்தூருக்கு அல்லவா டிக்கெட் வாங்கினீர்கள்? சாத்தூர் இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்கிறது. இங்கே இறங்கினால் அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். சார், உங்களை நம்பித்தான் சொன்னேன். எனக்கு ஆர்டர் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. சார்.

“கண்டக்டர், அவர் இங்க இறங்க வேண்டியவர் இல்லை, தெரியாம இறங்கிட்டார். இல்லை, என்கூட வந்தவர் இல்லை. பேர்கூடத் தெரியாது. அவருக்காக நிக்க வேண்டாம். அந்தப் பொண்ணுகிட்ட ஏதோ வழி கேக்கிறார் போல, கேக்கட்டும். அந்தப் பொண்ணு எதுக்கு பஸ்ஸைப் பார்க்குதுன்னா கேக்கிறீங்க? டிக்கெட்டா? அதெல்லாம் எடுத்திருச்சு, நான் பார்த்தேன். ஒண்ணையும் விட்டுட்டுப் போகலை. எதுக்கோ திரும்பி வருது, வந்தா வரட்டும். நீங்க விசிலைக் குடுங்க. குடுங்க கண்டக்டர், நேரமாச்சு.”